தண்டு (துடுப்பு) வலிக்கிற 170 பேருக்குத் தண்ணீர் எங்கே? கிரேக்கக் கடற்போர் கேம்கள்: ஒரு ரிவ்யூ

அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸியில் கடல் அவ்வளவு அழகு. அந்தக் கடலில் நடக்கிற சண்டையில் பாதிக்கு மேல் கதை. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை கேமிங் சென்டர்களில் இதை ஓட்டுகிற பையன்கள் பக்கத்து சீட்டைப் பார்த்துக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "ஏண்ணே, நெசமாவே கப்பல் இப்படி ரெண்டா பிளந்துச்சா?" பிளக்கவில்லை. நிஜத்தில் என்ன ஆனது, எந்த கேம் அதற்குப் பக்கத்தில் வருகிறது, எதற்குக் காசு கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

ஒடிஸி 2018 அக்டோபரில் வந்தது. யூபிசாஃப்ட்டின் கியூபெக் ஸ்டூடியோ செய்தது. கதை கி.மு. 431-இல், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போர் தொடங்கும் நேரத்தில் நடக்கிறது. கசாண்ட்ரா அல்லது அலெக்சியோஸ், இருவரில் ஒருவராக ஆடலாம். கொஞ்ச நேரத்திலேயே அட்ரெஸ்டியா என்ற கப்பலும், அதன் கிழட்டு மாலுமி பர்னபாஸும் கைக்கு வந்துவிடுவார்கள். அதன்பின் ஈஜியன் கடல் முழுக்க உங்கள் வீட்டுக் கொல்லைதான்.

சண்டை எப்படி ஓடுகிறது என்றால், பக்கவாட்டில் குறிவைத்து அம்பு மழை. கிட்டே போனால் ஈட்டி. ஈட்டிக்கு எட்டும் தூரம் குறைவு, அடி பலம். அம்பு ஈட்டி இரண்டிலும் நெருப்பு வைக்கலாம். எதிரி அம்பு விடும்போது குனியச் சொல்லும் பட்டனை அழுத்தினால் சேதம் குறையும். தண்டு வலிப்பவர்களுக்கு ஒரு ஸ்டாமினா பட்டை உண்டு. வேகமெடுத்து இடிப்பதற்கு அது செலவாகும். எதிரிக் கப்பல் நொறுங்கி நிற்கும்போது உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஏறிக் குதித்து வாள்சண்டை போடலாம். இதில் சரக்கும் கிடைக்கும், உங்கள் கப்பலின் சேதமும் சரியாகும். இல்லையென்றால் முழு வேகத்தில் மோதி நடுவில் பிளந்துகொண்டு மறுபக்கம் வெளியே வரலாம். பையன்கள் கேட்பது இந்த இரண்டாவதைத்தான்.

கேமாக மட்டும் பார்த்தால் இது நன்றாகவே கோர்க்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: வந்த வேகத்தில் நேருக்கு நேர் அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) மோதுவது, ஸ்டாமினா தீர்ந்து நிற்பது, நிற்கும்போது இரண்டு பக்கமும் அம்பு வாங்குவது. முதலில் எதிரியின் அமரத்துப் (பின்முனை) பக்கமாக வளைந்து போங்கள். ஒரு சுற்று அம்பு, ஒரு சுற்று ஈட்டி. ஸ்டாமினா நிறைந்தபின் விலாவில் இடியுங்கள். இரண்டு மூன்று கப்பல் சேர்ந்து வந்தால் சின்னதை முதலில் முடித்து, அதில் ஏறிச் சேதத்தைச் சரிசெய்துகொண்டு பெரியதிடம் போகலாம். மரம், இரும்பு, தோல் எல்லாம் கப்பலை மேம்படுத்தத் தேவைப்படும் என்பதால் ஆரம்பத்தில் எல்லாவற்றையும் உடலுக்கும் தண்டு வலிப்பவர்களின் ஸ்டாமினாவுக்கும் போடுங்கள். அலங்காரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கப்பலுக்குப் பலம் கூட்டும் லெப்டினன்ட்களைச் சேர்க்க எதிரிகளைக் கொல்லாமல் மயங்க வைக்க வேண்டும். பெயரோடு வரும் எதிரிகளைப் பிடித்தால் பலன் கூடுதல்.

இனி வரலாறு.

டிரைரீம் என்பது மூன்றடுக்காகத் தண்டு வைத்த போர்க்கப்பல். அதில் ஒன்றுகூட கடலடியிலிருந்து முழுசாக எடுக்கப்பட்டதில்லை. நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எழுத்துகளிலிருந்தும், ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் அகழ்ந்தெடுத்த கப்பல் கொட்டகைகளின் நீள அகலத்திலிருந்தும், ஒலிம்பியாஸ் என்ற மறு உருவாக்கத்திலிருந்தும் வந்தது. ஜான் மோரிசன் என்ற வரலாற்றாய்வாளரும் ஜான் கோட்ஸ் என்ற கப்பல் வடிவமைப்பாளரும் சேர்ந்து திட்டம் போட, 1987-இல் அது கிரேக்கக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. நீளம் 36.9 மீட்டர், அகலம் சுமார் 5.5 மீட்டர். மேலடுக்கில் 62 பேர், நடுவில் 54, அடியில் 54. மொத்தம் 170 பேர் தண்டு வலிக்க வேண்டும். பயிற்சியில் அது எட்டிய உச்ச வேகம் ஏறக்குறைய 9 நாட் (மணிக்கு 9 கடல்மைல்). ஒரு நிமிடத்துக்குள் 180 டிகிரி, அதாவது வந்த திசைக்கே, திரும்பியது. பழைய கணக்கில் கப்பலுக்கு 200 பேர். அந்த 170 போக மீதி சுக்கான் பிடிப்பவர், தாளம் கொடுப்பவர், குழல் ஊதுபவர் என்று. ஆயுதம் தாங்கியவர்கள் என்றால் கவசம் போட்ட 10 பேர், வில்லாளிகள் 4 பேர்.

நான்கே நான்கு வில்லாளிகள். ஒடிஸியின் பெரிய பொய் இங்கேதான் இருக்கிறது. அம்பு விட்டுக் கப்பலை மூழ்கடிக்கிறது அந்த கேம். நிஜத்தில் நான்கு பேர் விடும் அம்பு மரப்பலகையை என்ன செய்யும்? அவர்கள் குறிவைத்தது எதிரியின் சுக்கான்காரரையும் மேல்தட்டு வீரர்களையும். கப்பலைக் கொன்றது அணியத்தில் பொருத்திய வெண்கல மூக்குதான். ஒலிம்பியாஸுக்குப் பொருத்தியது சுமார் 200 கிலோ. இஸ்ரேலின் அத்லித் கடற்கரைக்கு அருகே 1980-இல் கிடைத்த அசல் மூக்கு 465 கிலோ. அது பிற்காலத்துப் பெரிய கப்பலுடையது.

அந்த மூக்கும் கப்பலைப் பிளக்கவில்லை. விலாவில் பலகைகளை உடைத்துத் தண்ணீர் புகவிட்டது, அவ்வளவுதான். இடித்த கையோடு பின்வலித்து வெளியே வந்துவிட வேண்டும். இல்லையென்றால் மூக்கு சிக்கிக்கொண்டு, அடிபட்ட கப்பலின் வீரர்கள் உங்கள் மேல் ஏறிவிடுவார்கள். இடிபட்ட டிரைரீம் கல் மாதிரி அடிக்குப் போகவும் இல்லை. லேசான மரம், உள்ளே பாரக்கல் கிடையாது. தண்ணீர் நிரம்பி, மேல்விளிம்பு மட்டும் தெரிய மிதந்துகொண்டு கிடக்கும். ஜெயித்தவர்கள் அதைக் கயிறு கட்டி இழுத்துப் போய்ச் சரிசெய்து தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். கடலடியில் டிரைரீம் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். ஒடிஸியில் நீங்கள் பிளந்த கப்பல் இரண்டு துண்டாகி நேரே கீழே இறங்குகிறதே, அந்தக் காட்சிக்கு எந்தச் சான்றும் இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர.

இன்னொரு தந்திரம் கேமில் இல்லவே இல்லை. எதிரியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு ஓடி, நம் தண்டுகளை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டு, அவன் தண்டுகளை முறிப்பது. மூன்றடுக்கில் மேல்வரிசைக்காரருக்கு மட்டும்தான் தண்டின் நுனி தண்ணீரில் விழுவது கண்ணுக்குத் தெரியும். கீழே இருக்கும் இரண்டு பேரும் அவரை நம்பித்தான் வலிக்க வேண்டும். ஒரு பக்கம் தண்டு உடைந்தால் மொத்தத் தாளமும் போயிற்று, கப்பல் சுற்றிக்கொண்டு நிற்கும். நிற்கும் கப்பலை இடிப்பது சுலபம். இதை கேமில் வைத்திருந்தால் கப்பல் ஓட்டுவதற்கே வேறு அர்த்தம் வந்திருக்கும்.

இதெல்லாம் போகட்டும், கேம் என்றால் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் வைப்பார்கள். ஆனால் எல்லா கேமும் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. டிரைரீம் கடலில் வாழ்கிற கப்பல் அல்ல, கரையில் வாழ்கிற கப்பல்.

200 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கப்பலில் சமைக்க இடமில்லை, படுக்க இடமில்லை, தண்ணீர் வைக்கவும் இடம் குறைவு. ஒலிம்பியாஸ் பயிற்சியில் வெயிலில் தண்டு வலித்தவருக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது. 170 பேருக்குப் பத்து மணி நேரத்துக்கு 1,700 லிட்டர். அதனால்தான் மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிக்கும் கரையில் ஏற்றிவிடுவார்கள். கி.மு. 427-இல் மிட்டிலீன் நகரத்து ஆண்களையெல்லாம் கொல்ல உத்தரவு கொண்டுபோன கப்பலைத் தடுக்க ஏதென்ஸ் மனம் மாறி இரண்டாவது கப்பல் அனுப்பியது. முதல் கப்பல் ஒரு பகல் ஒரு இரவு முன்னே போயிருந்தது. இரண்டாவது கப்பல்காரர்கள் வாற்கோதுமை மாவை ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்து வலித்துக்கொண்டே தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள் என்று அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். இதை ஒரு விசேஷமாக அவர் எழுதியதிலிருந்தே வழக்கம் அப்படி இல்லை என்பது தெரிகிறது.

ஊறிப்போவது அடுத்த பிரச்சினை. லேசான மரத்தில் செய்த உடல் தண்ணீரிலேயே கிடந்தால் ஊறிக் கனத்துவிடும், வேகம் செத்துவிடும். அக்கரைப்பேட்டையிலோ தரங்கம்பாடியிலோ கட்டுமரம் ஓட்டியவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். திரும்பி வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப்போட்டது இதற்காகத்தான். கி.மு. 414-இல் சிசிலியிலிருந்து ஏதென்ஸுக்குக் கடிதம் எழுதிய தளபதி நிக்கியாஸும் இதைச் சொல்லித்தான் புலம்புகிறார்: எதிரி எதிரிலேயே நிற்பதால் கப்பல்களைக் கரையேற்றி உலர்த்த முடியவில்லை, எல்லாம் ஊறிவிட்டன, ஆட்களும் குறைந்துவிட்டார்கள் என்று. அடுத்த வருஷம் அந்தப் படையே அழிந்தது.

போரின் கடைசி அடியும் இப்படியே விழுந்தது. கி.மு. 405, ஏகோஸ்போட்டாமி. ஏதென்ஸின் 180 கப்பல்கள் கடைத்தெரு இல்லாத ஒரு கரையில் நின்றன. சாப்பாடு வாங்க ஆட்கள் தூரம் தூரமாகப் போயிருந்த நேரம் பார்த்து ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் வந்து, கிட்டத்தட்ட முழுப் படையையும் கரையிலேயே பிடித்துவிட்டார். தப்பியது ஒன்பது. அவற்றை நடத்திப் போன கோனோன், போகிற போக்கில் லைசாண்டர் கரையில் விட்டுவைத்திருந்த பெரிய பாய்களைத் தூக்கிக்கொண்டு போனார். சண்டைக்குப் போகும்போது பெரிய பாயையும் பாய்மரத்தையும் கரையில் இறக்கி வைப்பதுதான் வழக்கம். கனம் குறையும், இடம் கிடைக்கும். ஒடிஸியில் அட்ரெஸ்டியாவின் பாய்மரம் எந்தச் சண்டையிலும் நட்ட மேனிக்கே நிற்கிறது.

ஆக, சோறு, தண்ணீர், காய்ந்த மரம், பக்கத்தில் ஒரு கரை. இந்த நான்கையும் கணக்கில் சேர்க்காத கேமில் கப்பலின் உருவம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது டிரைரீம் மாதிரி நடந்துகொள்ளாது. அட்ரெஸ்டியா இரவும் பகலும் ஓடுகிறது. யாருக்கும் பசிப்பதில்லை. பாட்டு மட்டும் பாடுகிறார்கள் (பாட்டு நன்றாக இருக்கிறது, அணைத்துவிடாதீர்கள்). மேல்தட்டில் தெரிகிற கூட்டம் 170-க்குக் கிட்டேயே வராது. காற்றுக்குக் கணக்கே இல்லை.

ஸ்பார்ட்டாவுக்கு இவ்வளவு கப்பல் எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. போர் தொடங்கிய காலத்தில் அந்தப் பக்கத்துக் கடற்படை என்றால் பெரும்பாலும் கொரிந்து நகரத்துக் கப்பல்கள்தான். ஸ்பார்ட்டா பலமான கடற்படை கட்டியது பாரசீகப் பணம் வந்த பிறகு. கேமில் 431-லேயே சிவப்புக் கொடி கடல் முழுக்கத் திரிகிறது. லெகசி ஆஃப் தி ஃபர்ஸ்ட் பிளேட் டிஎல்சி-யில் (கேமோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) கப்பலுக்கு நெருப்பு பீய்ச்சும் கருவி கிடைக்கிறது. கப்பலிலிருந்து அப்படிப் பீய்ச்சியது கி.பி. ஏழாம் நூற்றாண்டு பைசாண்டியர்கள். ஏறத்தாழ ஆயிரம் வருஷம் முன்னால் தள்ளிவிட்டார்கள். கி.மு. 424-இல் டீலியத்தில் குழாய் வைத்து நெருப்பு ஊதியதாகப் பதிவு இருப்பது உண்மை. ஆனால் அது தரையில், மரக்கோட்டைச் சுவருக்கு எதிராக.

ஒடிஸியை வைத்தே கொஞ்சம் நிஜத்துக்குப் பக்கத்தில் ஆட ஆசைப்பட்டால் நீங்களே சில கட்டுப்பாடு போட்டுக்கொள்ளலாம். நெருப்பு வேண்டாம். பிளப்பது வேண்டாம், நொறுங்கிய கப்பலில் ஏறுங்கள், அல்லது விட்டுவிட்டுப் போங்கள். அம்பு ஒரு சுற்று மட்டும். பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு கரையில் நிறுத்தி இறங்கிவிடுங்கள். திரையில் வரும் குறிகளை செட்டிங்கில் அணைத்துவிட்டு எக்ஸ்ப்ளொரேஷன் மோடில் ஆடினால், தீவுகளை அடையாளம் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கும். கடினம் ஹார்டுக்கு மேல் போகாதீர்கள். நைட்மேரில் எதிரிக் கப்பலின் உடல் தடித்துப்போவதால் சண்டை நீளுமே தவிர நிஜமாகாது. கீபோர்டில் திருப்பினால் சுக்கான் முழுசாக ஒடியும் அல்லது நேராக நிற்கும், நடுவில் எதுவும் இல்லை. கேம்பேட் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பலாம். விலாவில் சரியான கோணத்தில் இடிக்க அது வேண்டும்.

கேம் வாங்கியவர்களுக்கு டிஸ்கவரி டூர் இலவசமாக வரும். 2019-இல் சேர்த்தது. சண்டை இல்லாமல் ஊர், தத்துவம், அன்றாட வாழ்க்கை, போர், புராணம் என்ற ஐந்து தலைப்பில் நடந்தே பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் போட்டுக் காட்ட வேண்டும்.

நம் ஊரில் ஓட்டுவதற்கான விஷயங்கள். யூபிசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் கோர் ஐ5 2400, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 660. அதுவும் 720பி-யில் 30 ஃப்ரேமுக்குத்தான். நிம்மதியாக ஆட ஜிடிஎக்ஸ் 970 அளவுக்கு ஒரு கார்டும் எஸ்எஸ்டி-யும் வேண்டும். கார்டை விட ப்ராசஸரைத்தான் இந்த கேம் அதிகம் உறிஞ்சும். கடலில் போகும்போது திரையில் பாதி வானம் என்பதால் செட்டிங்கில் வால்யூமெட்ரிக் கிளவுட்ஸை முதலில் குறையுங்கள். இந்த ஒன்றிலேயே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அடுத்து ஆன்டி ஏலியாஸிங், நிழல். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் கேமுக்குள்ளேயே இருக்கும் எஃப்பிஎஸ் லிமிட்டை 45-இல் வைத்துவிடுங்கள். வைக்காவிட்டால் சூடேறி, லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சண்டை நடுவில் படம் படமாக நகரும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது டெல்டாவில் தனிப் பாடம். 600 விஏ யூபிஎஸ் என்றால் சுமார் 360 வாட். கேம் ஓடும்போது சிபியு-வும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட்டைத் தொட்டால், சில நிமிடம்தான் தாங்கும். சண்டைக்குள் இருக்கும்போது இந்த கேம் சேவ் செய்ய விடாது. எனவே கப்பற்சண்டையில் இறங்கும் முன் ஒருமுறை க்விக் சேவ் போடும் பழக்கம் நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதில் யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது சாதாரண மோடில் இருந்தால் மாறும் இடைவெளியில் சிபியு ரீஸ்டார்ட் ஆகிவிடும். சைன் வேவ் இல்லாத பழைய இன்வெர்ட்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் முரண்டு பிடிக்கும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து ஆடுகிறவர்களுக்கு உப்புக்காற்று கூடுதல் எதிரி. ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் உப்போடு தூசி ஒட்டி இறுகிவிடும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

அடுத்து டோட்டல் வார்: ரோம் 2. கிரியேட்டிவ் அசெம்பிளி, 2013. இதற்கு 2014 டிசம்பரில் ராத் ஆஃப் ஸ்பார்ட்டா என்ற டிஎல்சி வந்தது. அதே பெலொப்பொனேசியப் போர். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கொரிந்து, பியோஷியா என நான்கு தரப்பில் ஆடலாம். இதே வரிசையில் 2004-இல் வந்த முதல் ரோமிலும், 2021-இல் வந்த அதன் ரீமாஸ்டரிலும் கடற்சண்டையை நாம் ஆடவே முடியாது. இரண்டு கப்பற்படை மோதினால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிவு சொல்லும். ரோம் 2-இல் நேரடியாக ஆடலாம். கப்பல் ஒவ்வொன்றையும் தனியாகத் திருப்பலாம், இடிக்கலாம், ஏறலாம். ஒடிஸி மாதிரி ஒற்றைக் கப்பல் வீரம் கிடையாது. வரிசை உண்டு, ஓரம் உண்டு, பின்னால் சுற்றி வருவது உண்டு.

ஒரு படைக்கு 20 அட்டைதான் உச்சம், அதாவது 20 கப்பல். பாரசீகரோடு கிரேக்கர் மோதிய சலாமிஸ் போரை இதில் நடத்த வழியில்லை. அங்கே கிரேக்கர் பக்கம் மட்டுமே முந்நூற்றுக்கு மேல். ஆனால் ஏதென்ஸ் தளபதி ஃபோர்மியோவின் படை சரியாக 20! கி.மு. 429, பட்ராஸ் வளைகுடா. எதிரிக்கு 47 கப்பல். அவர்கள் அணியம் வெளியே பார்க்க வட்டம் கட்டி நின்றார்கள். சின்னப் படகுகளும் வேகமான ஐந்து கப்பல்களும் வட்டத்துக்கு நடுவில். ஃபோர்மியோ தன் கப்பல்களை ஒற்றை வரிசையாக விட்டு, இடிக்கிற மாதிரி உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரச் செய்தார். வட்டம் சுருங்கியது. விடியற்காலையில் வளைகுடாவிலிருந்து காற்று வீசும் என்பது அவருக்குத் தெரியும். காற்று வந்தது, கப்பல்கள் ஒன்றோடொன்று முட்டின, கழி வைத்துத் தள்ளினார்கள், கூச்சலில் கட்டளை காதில் விழவில்லை. அப்போது பாய்ந்தார். பன்னிரண்டு கப்பல் பிடிபட்டது.

ரோம் 2-இல் இதை முயன்று பாருங்கள், எங்கே இடறுகிறது என்று தெரியும். எதிரி வட்டமெல்லாம் கட்ட மாட்டான். நேரே உங்களை நோக்கி வந்து கும்பலாகச் சிக்குவான். இதில் ஒரு வேடிக்கை, அந்தக் கும்பலே ஃபோர்மியோவின் காற்று செய்த வேலையைச் செய்துவிடுகிறது. நீங்கள் 20 கப்பலை இரண்டாகப் பிரித்து, எட்டை முன்னே நிறுத்திப் பின்வாங்கச் செய்யுங்கள். பன்னிரண்டை ஓரமாகச் சுற்ற விடுங்கள். எதிரி எட்டுக்குப் பின்னால் வந்து நெருக்கியடித்ததும் பன்னிரண்டும் விலாவில் விழட்டும். இடிக்கும் முன் ஓட நீளம் வேண்டும். கிட்டத்திலிருந்து இடித்தால் தட்டின மாதிரிதான் இருக்கும். இடித்த கப்பலை உடனே வேறு கட்டளை கொடுத்து விலக்காவிட்டால் எதிரி வீரர்கள் ஏறிவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் ரோம் 2 நிஜத்துக்கு ரொம்பப் பக்கம்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். தரைப்படை எந்தக் கரையிலிருந்தும் கடலுக்குள் நடந்தால் தானே கப்பலாகிவிடும். துறைமுகம் வேண்டாம், கப்பல் கட்ட வேண்டாம். கேம் வெளிவந்த புதிதில் இந்தச் சரக்குக் கப்பல்கள் நிஜப் போர்க்கப்பலையே அடித்துத் துவைத்தன. பிறகு பேட்ச் போட்டுப் பலத்தைக் குறைத்தார்கள். ஏதென்ஸ் ஒரு கப்பலுக்கு மாதம் ஒரு டேலண்ட், அதாவது ஆளுக்கு நாளுக்கு ஒரு டிராக்மா வீதம் 200 பேருக்கு 6,000 டிராக்மா, சிசிலிப் படையெடுப்புக்குக் கணக்குப் போட்ட ஊர். அந்தச் சுமை இதில் தெரியாது. டிவைட் எட் இம்பெரா என்ற இலவச மாட் (ரசிகர்கள் செய்த மாற்றுத் தொகுப்பு) போட்டால் படைக்குச் சப்ளை என்ற கணக்கு வந்துவிடும். எதிரி நிலத்தில் நிற்கும் படை மெலியத் தொடங்கும். மாட் பெரியது, இறக்கப் பொறுமை வேண்டும், ஒவ்வொரு டர்னும் நீளும்.

சோற்றுக் கணக்கை உண்மையிலேயே மையத்தில் வைத்த கேம் என்றால் ஹெஜிமனி கோல்ட். லாங்போ கேம்ஸ் என்ற சின்ன கனடா நிறுவனம் செய்தது. 2010-இல் வந்த மாசிடோனிய பிலிப் பற்றிய கேமை விரித்து இதைக் கொண்டுவந்தார்கள். கிரேக்கம் முழுக்க ஒரே வரைபடம். தூரத்திலிருந்து பார்த்தால் அடையாள வில்லைகள், கிட்டே போனால் ஆட்கள். வயலிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து படைக்கும் உணவு போகும் வழியை நீங்கள்தான் போட வேண்டும். வழி அறுந்தால் படை கையில் இருப்பதைத் தின்று தீர்த்து மெலியும். எதிரியின் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து சாப்பாடாக்கலாம். பனிக்காலம் வரும். இதில் கப்பற்சண்டை சாதாரணம்தான், இடியும் நொறுங்கலும் பார்த்து வாய் பிளக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கடலோர ஊரைப் பிடித்து வைத்திருப்பது ஏன் கப்பற்படைக்கு உயிர் என்பது இதை ஆடினால் புரியும். ஏகோஸ்போட்டாமி ஏன் நடந்தது என்பதும்தான். பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். எழுத்து பொடியாக இருக்கும், முதல் பாடங்களைத் தவறவிட்டால் தலை சுற்றும்.

காசே போட வேண்டாம் என்றால் 0 ஏ.டி. இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, மாசிடோனியா மூன்றும் உண்டு. கப்பலுக்குள் வீரர்களை ஏற்ற ஏற்ற அம்பு கூடும். கட்டடங்கள் நுணுக்கமாக வரைந்திருக்கிறார்கள். கடல் இதில் ஒரு ஓரம்தான். சோழர் கப்பல் எங்கே என்று கேட்பவர்களுக்கு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022-இல் வந்த டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா டிஎல்சி-யில் ராஜேந்திரன் கேம்பெயினும் திரிசடை என்ற போர்க்கப்பலும் இருக்கின்றன. அதில் வரலாறு எவ்வளவு என்பது தனி ரிவ்யூவுக்கான சண்டை.

வாங்குகிற விதம். ஒடிஸியை முழு விலையில் வாங்காதீர்கள். ஸ்டீமில் அடிக்கடி நல்ல தள்ளுபடிக்கு வரும், யூபிஐ-யில் கட்டலாம். ஸ்டீமில் வாங்கினாலும் யூபிசாஃப்ட் கனெக்ட் தனியாக இறங்கும், முதல் முறை நெட் கட்டாயம். ஒருமுறை உள்ளே போன பின் ஆஃப்லைனிலும் ஓடும். டிஎல்சி எல்லாம் சேர்த்தால் டேட்டா எகிறும் என்பதால் ஃபைபர் இல்லாத ஊர்க்காரர்கள் அடிப்படை கேமை மட்டும் இறக்கினால் போதும். நெருப்புக் குழாய் போனால் நஷ்டமில்லை. ராத் ஆஃப் ஸ்பார்ட்டா தனியே ஓடாது, ரோம் 2 கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு கேமுக்குத்தான் பட்ஜெட், ஆனால் கடற்போர் எப்படி நடந்தது என்பதுதான் ஆசை என்றால் ஒடிஸியை விட்டுவிட்டு ரோம் 2-வை எடுங்கள். ஊர் பார்க்க ஆசை என்றால் ஒடிஸி. ஹெஜிமனி கோல்ட் தள்ளுபடியில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துப் போடுங்கள், கேமிங் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் ஆடலாம்.